சீட்டு

"ஊது" என்றார்.
ஊதினேன்.
"பலூனா இது? நல்லா ஊதுய்யா."
கையடக்க இயந்திரம் கொஞ்சம் யோசித்தது,
பிறகு பஸ் டிக்கெட் அளவுக்கு
ஒரு சீட்டைத் துப்பியது.
எண்பத்தேழு.
முப்பது வரைக்கும்தான் சட்டம் பொறுக்குமாம்.

ராயக்கோட்டைச் சாலை, ராத்திரி பத்தேகால்.
பின்னால் அறுபது கிரேட் மாங்காய்,
கூழ் ஆலைக்குப் போக வேண்டியவை.
சாவியை வாங்கிக்கொண்டார்கள்.
மாங்காய்க்கு ஏது ஜாமீன்,
மூன்றாம் நாள் தார்ப்பாயை விலக்கினால்
ஈ.

கிருஷ்ணகிரி கோர்ட்டில்
எனக்கு முன்னால் பதினோரு பேர்.
எல்லோருமே குளித்து, சட்டை தேய்த்து,
பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி.
"திம்மராயன்!"
"நூற்று எண்பத்தைந்து. குடிச்சிருந்தீங்களா?"
"ஆமாங்கம்மா."
"பத்தாயிரம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி வந்தா
பதினஞ்சாயிரம், ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள."
நான் "சரிங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள்
அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

லைசென்ஸ் ஆறு மாதம் அவர்களிடம்.
"மார்கழியில வா" என்றார் ஆர்டிஓ ஆபீஸ் குமாஸ்தா.
மார்கழியில் மாங்காய் ஏது
என்று நான் கேட்கவில்லை,
அவர் தவறா அது.

சாலம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள்.
எட்டாயிரம் நஷ்டம்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"அந்தச் சீட்டைக் குடு,
இந்தச் சீட்டோட வைக்கிறேன்" என்றாள்,
அவ்வளவுதான்.

யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது.
போலீஸுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்
ஒரு மொபெட். பின்விளக்கு இல்லை.
இரு பக்கமும் தக்காளிக் கூடை,
நடுவில் ஒரு முதுகு.
நான் பார்த்தபோது
கண்ணாடி முழுக்க அந்த முதுகுதான்.
நான் ஒடித்தேனா, அவர் விலகினாரா,
இன்றுவரை தெரியாது.
'டப்' என்று ஒரு சத்தம். கூடையாக இருக்கும்.
பக்கக் கண்ணாடியில்
சின்னச் சின்னதாய் ஏதோ உருண்டது.

நிறுத்தவில்லை.

வழக்குத் தாளில் அது இல்லை.
அதற்கு என்ன பிரிவு, எத்தனை மாதம்,
எந்தக் கவுண்டரில் கட்டுவது?

இப்போது மண்டிக்கு மூட்டை தூக்க
டவுன் பஸ்ஸில் போகிறேன்.
எதிரே மொபெட் வந்தால் போதும்,
வலது கால் தானாகத் தகரத் தரையை மிதிக்கிறது.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து
"என்னய்யா?" என்கிறார்.
ஒன்றுமில்லை என்கிறேன்.
மறுபடி மிதிக்கிறேன்.

நேற்று ராத்திரி சாலம்மா டப்பாவைத் திறந்தாள்.
மெஷின் சீட்டு வெளுத்துப்போயிருந்தது,
ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து
"என்ன போட்டிருந்துச்சு இதுல?" என்றாள்.
"எண்பத்தேழு."
"அவ்வளவுதானா?"

தக்காளியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
அன்றைக்கு ஊதியதைப் போலவே
காற்றுதான் வந்தது.