இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

உருகுவேயில், பைசாந்தூ இறைச்சி ஆலையில்
பத்து நிமிட இடைவேளை.
ரப்பர் ஏப்ரனைக் கழற்றாமலே
நெலிடா அட்டைக்கட்டைப் பிரிக்கிறாள்.

டாசிட்டர்ன்: அதிகம் பேசாத.
இதற்கு எதற்கு அகராதி?
ஸ்பானியத்தில் அவள் புருஷனையே
அப்படித்தான் சொல்வார்கள்.
மற்றவர்கள் மிரளும் சொற்களெல்லாம்
அவளுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள்,
மூக்கைப் பார்த்தே வம்சம் சொல்வாள்.

அவளை அழவைப்பது 'கெட்'.
எழுந்தாலும் கெட், ஏறினாலும் கெட்,
புரிந்தாலும், நோயிலிருந்து மீண்டாலும்,
எப்படியோ காலம் தள்ளினாலும் கெட்.
மூன்றே எழுத்து.
குளிரறைத் தரைபோல வழுக்குகிறது.

இன்றைய அட்டை: சாங்க்வின்.
பார்த்ததும் சிரித்தாள். சாங்க்ரே, ரத்தம்.
காலையிலிருந்து முழங்கைவரை அதுதானே.
திருப்பினாள்.
'நல்லதே நடக்கும் என்றிருப்பவர்.'

அச்சுப்பிழையோ?
கத்தி தீட்டும் வில்மாரிடம் நீட்டினாள்.
"இங்கிலீஷ்காரன் மாடு அறுத்ததில்லை போல"
என்றான், தலை தூக்காமல்.

மணி அடித்தது.
தேர்வுக்கு ஒன்பது நாள்.
பூட்ஸில் காய்ந்திருந்ததைக் கொஞ்சம் பார்த்தாள்.
தெரிந்த கட்டிலும் வைக்கவில்லை அந்த அட்டையை,
தெரியாத கட்டிலும் வைக்கவில்லை.
கையுறைக்குள் செருகிக்கொண்டு
உள்ளே போனாள்.