கதவு கொஞ்சம் கசியுது

களனி ஐந்தடி ஏறினால்
நாகலகம் தெருவில் என் வேலை தொடங்கும்.
நகரத்து நீர் கங்கைக்குப் போகலாம்,
கங்கை நகரத்துக்குள் வரக்கூடாது.
அவ்வளவுதான் சட்டம்.
இருபத்திரண்டு வருடமாய்
ஓர் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி
அதைக் காப்பாற்றி வருகிறேன்.

என் வயிற்றுக்குள் அந்தச் சட்டம் உடைந்ததை
நாக்குத்தான் முதலில் சொன்னது.
விடிய நாலரைக்கு,
கொச்சிக்கடைக் கோயில் மணிக்கு முன்னமே
ஒரு கசப்பு
தொண்டைவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.

'பித்தம்' என்றாள் பிலோமினா.
தேசிக்காய் பிழிந்து தந்தாள்.
எரிந்தது.
'காஸ்ட்ரைட்டிஸ்' என்றான் பார்மசிப் பொடியன்.
அமிலம் அடக்கும் குளிசையைப்
பத்துப் பத்தாய் வெட்டித் தந்தான்.
எட்டு மாதம் விழுங்கினேன்.
அமிலம் அடங்கித்தான் இருக்கும்.
கசப்புக்கு அந்தக் குளிசையை யாரென்றே தெரியாது.

பெரியாஸ்பத்திரி. நம்பர் நாற்பத்தொன்று.
'இருதயராஜ்!' என்று கூப்பிட்டார்கள்
(பெயரில் இருதயம், பழுது வயிற்றில்).
பொய்ப்பல்லைக் கழற்றி லேஞ்சியில் முடிந்தேன்.
வாழைப்பழ வாசத்தில் ஒரு மருந்தடித்துத்
தொண்டை மரத்ததும்
குழாய் இறங்கியது.
டொக்டர் ஷிஹாரா திரையைத் திருப்பினார்.
சிவந்து வீங்கிய சுவர்.
அதன் அடியில்,
மழை விட்ட மறுநாள்
புளூமெண்டால் ஒழுங்கையில் தேங்குமே,
அந்த மஞ்சள்பச்சை.

"இது கெட்ட நீர் இல்லை.
கீழே குடலில் நின்றால்
நீங்கள் தின்ற கொழுப்பைக் கரைத்துத் தரும்.
மேலே ஏறினால்
இரைப்பையின் பூச்சையே கரைத்துவிடும்.
இடந்தான் பிழை."

இடந்தான் பிழை.
எண்பத்து மூன்றில் அப்பாவுக்கும்
இதையே சொன்னார்கள்,
வேறு பாஷையில், வீட்டு வாசலில்.
வாயில் குழாய் இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பித்தப்பையை எடுத்து மூன்று வருடம்.
கல் ஏழு, போத்தலில் போட்டுத் தந்தார்கள்.
பை இருந்தமட்டும்
சாப்பாட்டு நேரம் பார்த்துத் திறந்த நீர்
இப்போது இராப்பகலாய்ச் சொட்டுகிறதாம்.
எனக்குப் படம் தேவைப்படவில்லை.
கொலன்னாவைச் சதுப்பை மண் போட்டு மூடியபின்
மழைக்கு ஒதுங்க இடமில்லாமல்
கட்டிலடிவரை வந்த வெள்ளத்தை
வாளியால் அள்ளியவன் நான்.

துண்டில் இரண்டு மருந்து.
ஒன்று வெள்ளைப் பாணி, புண்மேல் சாந்து மாதிரிப் பிடிக்கும்.
மற்றது பித்த அமிலமே.
"பித்தத்துக்குப் பித்தமா மிஸ்?"
"முரட்டுப் பித்தங்களுக்கு நடுவில்
ஒரு சாதுப் பித்தம்.
முதலில் கரடியிடம் கண்டெடுத்தார்களாம்.
இப்போது ஆலையில் செய்கிறார்கள்."
கரடி தப்பியது என்று நினைத்தேன்.
"கதவை இறுக்க ஏலாதா?"
"அதற்குக் குளிசை இல்லை.
வாய்க்காலை வெட்டித் திருப்பலாம்.
அது கடைசிக் கதை."
கட்டில் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல் வைக்கச் சொன்னார்.
பிலோமினா நாலு வைத்தாள்.
இரவெல்லாம் சறுக்குகிறேன்.

பத்தாவது கிழமை.
நாலரைக்கு விழிப்பு வருகிறது,
கசப்பு சில நாள் வருவதில்லை.
வராத நாளில்
அதைத் தேடி நாக்கைச் சப்பிப் பார்க்கிறேன்.

நேற்று ஹங்வெல்லைப் பக்கம் பெருமழை.
கங்கை மண்நிறமாய் ஏறி வந்து
கதவில் தோளைக் கொடுத்து நின்றது.
சக்கரத்தைக் கடைசிப் பல்வரை சுற்றினேன்.
நடுச்சாமம் ஒஃபிசிலிருந்து ஃபோன்.
"கதவு எப்படி?"

ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.
மற்றக் கை
தன்பாட்டில் வயிற்றில் கிடந்தது.
"மூடியிருக்கு சேர்.
கொஞ்சம் கசியுது."