தொட்டியின் கொள்ளளவு

பிர்கத் அல் மௌஸ் சோதனைச் சாவடியில்
போலீஸ்காரர் குனிந்து
வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்.
நான்கு சக்கரமும் இழுக்குமா?
இழுக்கும்.
சரி, போ.
மலையேற வண்டிக்குத்தான் தகுதி வேண்டும்.

தார் முடிந்து ஒன்பது கிலோமீட்டர், ஹைல் தமீம்.
ஸ்டீயரிங்கில் குல் ஷேர், வாயில் ஏலக்காய்.
என் மடியில் இருபத்தாறு பக்கப் படிவம்:
மலைப்பகுதி சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டம்,
இரண்டாயிரத்து நாற்பது வரை.
என் விசா
வருகிற பங்குனி வரை.

விதி எளிது.
ஐம்பது பேர் இருந்தால்
வாரம் இரண்டு நாள் நர்ஸ்,
இன்சுலினுக்கு ஒரு குளிர்பெட்டி, அப்புறம் ரோடு.
நாற்பத்தொன்பது என்றால்
அருகிலுள்ள ஊரோடு இணைத்துவிடுவார்கள்.
வரைபடத்தில் அந்த அருகு இரண்டு அங்குலம்.
நடுவில் ஒரு பள்ளத்தாக்கு
கழுகுகளை முதுகுப்பக்கமாகக் காட்டுகிறது.

ஸுவைனா பின்த் ஹமூத்
கஹ்வாவைப் படிவத்தின் மேலேயே வைத்தாள்.
வீட்டில் எத்தனை பேர்?
வெள்ளிக்கிழமையா, மற்ற நாளா, என்றாள்.
மகன்கள் நிஸ்வாவில்.
மருமகள் மாதுளை பழுக்கும்போது வருவாள்,
கணவனோடு சண்டை என்றால் அதற்கு முன்பே.
இந்தக் கட்டத்தில் ஒரு எண்தான் எழுத முடியும், அம்மா.
அப்போ உன் கட்டம் சின்னது.

சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு.

படிப்படியாய் இறங்கும் வயல்களில்
மடை மாற்றிக்கொண்டிருந்தான் மொஃபிஜுல்.
பதினோரு வருடமாகிறது.
எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் என்று
ஊர் அவனைத்தான் கேட்கிறது.
அவனையும் சேர்த்துப் பதினான்கு பேர்,
சில்ஹெட், நோவாகாலி, முல்தான்.
ஆட்டுக்கொட்டிலில் ஒருத்தன் சாத்தான்குளம்.
நெடுநேரம் என்னைப் பார்க்காதவன் போல இருந்துவிட்டு
வண்டிக் கதவைச் சாத்தும்போது கேட்டான்:
அண்ணே, சுகர் மாத்திரை ஏதும் வச்சிருக்கீங்களா?

முப்பத்தெட்டும் பதினான்கும்
ஐம்பத்திரண்டு.
கூட்டல்தானே, எழுதினேன்.

கலா ஆபீஸ் மூன்றாம் மாடியில்
கஸ்ஸான் சிவப்பில் சுழித்துத் திருப்பினார்:
நிரந்தரக் குடியிருப்போர் மட்டும்.
பெய்ரூத்தை விட்டு வந்து இருபது வருடமான மனிதர்.
அந்தச் சொல்லை எழுதும்போது
அவர் பேனா ஒரு கணம் நின்றிருக்கும் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

அமைச்சகத்து ஷம்ஸா
லிப்ட் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.
கதவு மூடும்போது,
பத்தொன்பதாம் பக்கம் படித்தாயா, என்றாள்.

பத்தொன்பதாம் பக்கம்: தண்ணீர்த் தேவை.
தலைக்கு நூற்றிருபது லிட்டர்.
யார் தலை என்று கேட்கவில்லை.
ஆட்டுக்கு ஆறு. கழுதைக்கு முப்பது.
ஐம்பத்திரண்டு தலை,
அறுநூற்றுப் பத்து ஆடு,
ஸுவைனாவின் ஒற்றைக் கழுதை.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
யாரும் சுழிக்கவில்லை.

குடி என்றால் ஊரில் இருப்பது,
குடி என்றால் நீர் அருந்துவது.
என் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது;
படிவம்தான்
ஏழு பக்கம் தள்ளி வைத்திருக்கிறது.

நர்ஸ் வரவில்லை.
ரோடு இரண்டாம் கட்டத்தில்,
அதாவது எப்போதாவது.
தொட்டி மட்டும் வந்தது, நீல நிறத்தில்,
ஊருக்குச் சற்றுப் பெரிய சட்டை மாதிரி.
முப்பத்தெட்டு பேருக்கு ஏன் இத்தனை பெரிது என்று
ஒருநாள் ஒரு தணிக்கையாளர் கேட்கக்கூடும்.
அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.

குல் ஷேர் மாதம் ஒருமுறை
நீர்மட்டம் பார்க்க மேலே போகிறான்.
சட்டைப்பையில் ஆறு அட்டை மாத்திரை.
கணக்கில் அதை
டீசல் என்று எழுதுகிறேன்.