பத்தொன்பதாம் எண்ணை நீக்க வேண்டாம்

நுவேவா எல்வேசியாவில் அன்று மழை.
பால் கூட்டுறவு அலுவலகத்தில்
பாலிதீன் வாசம் போகாத புதுக் கணினி.
பழையது, ஜனவரியில் இடி இறங்கிய இரவோடு சரி.

"இதில் அது ஓட வேண்டும்" என்றாள் ஒஃபேலியா கிரைசிங்.
அது என்றால்
ஒரே ஒரு ஃபிளாப்பி,
லேபிளில் பென்சிலால் 'பால்'.

முதலில் வாசலிலேயே நிறுத்தியது புது இயங்குதளம்:
உங்களுக்குப் பொருத்தமான பதிப்பை
வெளியிட்டவரிடம் கேளுங்கள்.
வெளியிட்டவர் யார்?
"நெஸ்டர். என் மாஜி கணவன்.
பில்பாவோவில் இருக்கிறான், ஒருத்தியோடு, மூன்று பூனைகளோடு.
தாராளமாகக் கேளுங்கள்.
பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுங்கள்,
எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது."

கேட்கவில்லை.
கணினிக்குள் இன்னொரு கணினியைக் கட்டினேன்,
கண்ணால் பார்க்க முடியாத, கிழட்டுக் கணினி.
பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே:
இது தொண்ணூற்று நான்கு என்றேன்
(இந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டின் கிழமைகள்
அந்த ஆண்டோடு அச்சாகப் பொருந்தும்,
செவ்வாய்க்குச் செவ்வாய்).
நினைவகம் அறுநூற்று நாற்பது கிலோபைட்,
அதற்கு அப்பால் உலகமே இல்லை என்றேன்.
நிறங்கள் பதினாறு.
உனக்கு வலப்பக்கம் ஊசி அச்சுப்பொறி,
காகிதம் நிரம்பக் காத்திருக்கிறது.
வலப்பக்கம் இருந்தது
நீர் சொட்டும் அவளுடைய குடை.

நம்பியது.
நம்பிய மறுகணம் செத்தது.
பிழை இருநூறு: பூஜ்யத்தால் வகுத்தல்.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது.
கண் விழித்ததும் அது தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்கிறது:
கடிகாரம் ஒருமுறை துடிப்பதற்குள்
எத்தனை எண்ண முடிகிறது என்று.
அந்த எண்ணிக்கையை வைக்க
நெஸ்டர் கொடுத்திருந்தது ஒரு சின்னக் கிண்ணம்.
புதுக் கணினி அதில் ஓர் ஆற்றைக் கொட்டுகிறது.
அவ்வளவுதான் விஷயம்.
வேகம் தாங்காமல் செத்திருக்கிறது,
வயதால் அல்ல.

வேகத்தைக் குறைத்தேன்.
ஒஃபேலியா உட்கார்ந்து எண்பலகையில் விரல் வைத்தாள்.
"இன்னும்."
குறைத்தேன்.
"இன்னும் கொஞ்சம். என் விரல் முன்னால் போக வேண்டும்,
திரை பின்னால் வர வேண்டும். அதுதான் வழக்கம்."
மூவாயிரத்தில் நிறுத்தச் சொன்னாள்.

நீலத் திரை. மஞ்சள் எழுத்து.
காலை வணக்கம், ஒஃபேலியா.
மணி மாலை ஆறரை.
"அதற்கு மணி பார்க்கத் தெரியாது" என்றாள்.
"எழுதியவனுக்கும்தான்."

நாற்பத்தேழு பால்காரர்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள்.
பத்தொன்பதாவதில் எர்வின் ஸோலிங்கர்:
லிட்டர் பூஜ்யம். கொழுப்பு பூஜ்யம்.
மாடுகளை விற்றுச் சோயா போட்டவர்,
பிறகு இறந்தும் போனவர்.
துப்புரவு செய்கிற ஆசையில் அழிக்கப் போனேன்.
மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அவரை எடுத்தால்
இருபதிலிருந்து எல்லார் பாலும் ஒரு வரி மேலே ஏறும்.
ஏன் என்று நெஸ்டருக்கே தெரியாது.
ஒருமுறை நடந்தது. ஷாபுயியின் விதவைக்கு
பக்கத்துப் பண்ணைப் பணம் போயிற்று.
திருப்பித் தரவே இல்லை அவள்,
புதுக் குளிர்பெட்டி வாங்கினாள்."

ஆக ஸோலிங்கருக்கும் ரசீது வந்தது,
காகிதத்தில் அல்ல, கோப்பாக:
செலுத்த வேண்டியது 0.
நன்றி, தொடர்ந்து பால் ஊற்றவும்.

கடைசிப் பேருந்துக்கு முன்
மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினேன்:
வேகத்தைக் கூட்ட வேண்டாம்.
பத்தொன்பதாம் எண்ணை நீக்க வேண்டாம்.

வாசலில் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது
கண்ணாடி போட்டுக்கொண்டு
மூன்றாவது வரி ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்:
அச்சுப்பொறியின் மேல் குடையைச் சாய்க்கலாம்.