ஒப்பந்தத்தின் மூன்றாம் வரைவு

சிங்காரத்தோப்பு மீனவர் சங்கத்தில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
இருபத்தேழு விசைப்படகு.
ஒவ்வொன்றின் கூரையிலும்
சோப்புப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவி.
இரண்டு நிமிடத்துக்கொரு தடவை அது
தன் இடத்தை வானத்துக்குச் சொல்கிறது.
வலை ஏறியதும் பையன்கள்
என்ன மீன், எத்தனை பெட்டி என்று தட்டிவிடுகிறார்கள்.
எல்லாம் என் திரைக்கு வந்து சேரும்.
போன மாசி வரைக்கும்
கேட்டவர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எத்தனை பார் ஐஸ் உடைக்க என்றார் சாகுல். சொன்னேன்.
டீசல் பங்கில் கேட்டார்கள். சொன்னேன்.
புயலன்று எந்தப் படகு கடலில் என்று காப்பீட்டுக்காரர்.
அதையும்.
ஏற்றுமதிக் கம்பெனி கேட்கக்கூட இல்லை.
ஓர் இணைப்பை அனுப்பியது.
'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில்
என் விரல் இருந்தது.

அப்புறம்தான் ஏலத்தில் சத்தம் குறைந்தது.
காத்தாயி பெட்டியைக் கவிழ்த்துக் கூவுகிறாள்,
எதிரே நிற்பவன் போனைப் பார்த்தபடி நிற்கிறான்.
பின்னால் ஒன்பது படகு வருகிறது,
ஒன்பதிலும் சங்கரா,
முகத்துவாரம் தாண்டுமுன்பே
அது அவன் உள்ளங்கையில்.
நம் அவசரம் எவ்வளவு என்று தெரிந்தவனிடம்
என்ன பேரம் பேசுவது?

தேசிங்கு வந்தார். உட்காரவில்லை.
"பதினெட்டுப் பாகத்துல ஒரு பாரு.
பதினோரு வருசம் தேடிப் புடிச்சது.
பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல.
நேத்து அங்க வெளியூர்ப் படகு நாலு நிக்குது, தங்கச்சி."

திருட்டென்றால் ஏதாவது குறைய வேண்டும்.
என் பட்டியலில் ஒரு வரியும் குறையவில்லை.
அதனால் நான் செய்ததற்கு
என்னிடம் சொல் இல்லை.

கம்பெனியிலிருந்து நிவேதன் வந்தார்,
நாற்பத்தொரு பக்கத்தோடு.
கெட்டவர் இல்லை. இரண்டு டீ குடித்தார்,
பகிர்ந்தால் எல்லோருக்கும் பெருகும் என்றார், நம்பித்தான் சொன்னார்.
பொருளாளர் பூரணி கேட்டாள்:
"சரி. எங்க இறால் அங்க என்ன விலைக்குப் போச்சு?"
"அது வணிக ரகசியம் மேடம்."

மின்விசிறி கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.

நாங்கள் நிற்கும் இடம் தகவல்.
நீங்கள் விற்கும் விலை ரகசியம்.

கருவியைக் கழற்றி ஆற்றில் போடு என்றார்கள் பாதிப்பேர்.
தேசிங்குதான் வேண்டாமென்றார், சுவரைப் பார்த்தபடி.
ஐப்பசியில் இயந்திரம் நின்றுபோன படகு;
விடிய விடிய என் திரையில் நகராமல் கிடந்த ஒரு புள்ளி;
அந்தப் புள்ளியை நோக்கித்தான் காவல்படை போனது.
அதில் அவர் மச்சான் இருந்தான்.

ஆகவே மூன்றாம் வரைவு. நானே தட்டச்சினேன்.
உயிர் என்றால் உடனே, முழுதாக, யாரும் கேட்காமலே.
சாகுலுக்கு எண்ணிக்கை போதும், பெயர் எதற்கு.
காப்பீட்டுக்கு, படகுக்காரர் கையெழுத்துப் போட்ட
அந்த ஒரு நாள் மட்டும்.
கம்பெனிக்கு ஏலம் முடிந்து ஆறு மணி நேரம் கழித்து,
ஆழமும் இடமும் அழித்து,
அதுவும் அவர்கள் விலைப்பட்டியல் வந்தால்.
'மூன்றாம் தரப்பு' என்ற சொல்லை
பூரணி பேனாவால் அடித்தாள்; தாள் கிழிந்தது.
கிழிந்த பக்கத்தையே ஸ்கேன் செய்து அனுப்பினோம்.

பதினைந்து நாளில் பதில் என்றார்கள்.
இன்று இருபத்திரண்டு.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.
விடியற்காலை நாலு மணி, இருபத்தேழு புள்ளிகள்
பரவனாற்றை விட்டு வெளியேறிக் கலைகின்றன.
ஒன்று மட்டும் தெற்கே ஒதுங்கி
ஓரிடத்தில் நிற்கிறது.

எனக்குத் தெரியும் அது யாரென்று.
பெரிதாக்கிப் பார்க்கவில்லை.