செருப்புக் கணக்கு

ஒன்பது பேர் நாங்கள். செருப்பு ஐந்து ஜோடி.
பள்ளிக்கு யார், கடைக்கு யார் என்று
அடுப்பணையும்போதே சொல்லிவிடுவாள் அம்மா, காசிமிரா.
நான் ஆறாவது. எனக்கு வாய்த்தது பெரும்பாலும்
செனோனின் இடதும் இலாரியாவின் வலதும்.

வெள்ளீயச் சுரங்கம் அப்பாவை விழுங்கிய மாதம்
கம்பெனி வீட்டைத் திருப்பிக் கேட்டது.
சாவியைக் கொடுத்தாள்.
கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டாள்:
"இது அவர் இழைத்தது."
ஓருரோ மேட்டில் அந்தக் கதவைத் தேடித்தான்
சுவர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

பகலெல்லாம் கழிவுக் கல் உடைப்பாள்.
சுத்தியல் நழுவிய அன்று
நசுங்கிய விரலை மடக்கிக்கொண்டு
"எண்ணுங்கள், இன்னும் ஒன்பது இருக்கிறது" என்றாள்.
நாங்கள் விரல்களை எண்ணினோம்.
அவள் எங்களை.

ஜூனில் மட்டும் செருப்புப் பஞ்சம் கிடையாது.
இரவெல்லாம் பனியில் கிடந்த உருளைக்கிழங்கை
விடியலில் வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும்,
தோல் கழன்று, நீர் வடிந்து,
வருடக்கணக்கில் கெடாத
கறுப்புக் கூழாங்கல்லாகும் வரை.
பயிரைக் கொல்லும் அதே பனி.
நியேவெஸ் கால் விறைத்து அழுதாள்.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
அந்தக் குட்டிக் கால்களைத் தன்
ஏழு மடிப்புப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு
அவள் பங்குக் கிழங்கைக் கையால் பிசைந்தாள்.

வெகுகாலம் கழித்து ப்யூனஸ் அயர்ஸிலிருந்து
மூத்தவன் ஃபோர்துனாட்டோ
அவளுக்கென்றே தோல் காலணி அனுப்பினான்.
ஒருமுறை போட்டாள். நடந்து பார்க்கவில்லை.
மறுநாள்
எலி எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது:
இடதில் உப்பு,
வலதில் விதைக்கிழங்கு.