சீசன்

மே கடைசியில் ஆலை வாசலிலிருந்து
பர்கூர் ரோடு வரைக்கும் டிராக்டர் நிற்கும்.
எல்லாம் பெங்களூரா, மூக்கு வளைந்த காய்.
மேஸ்திரி சென்னப்பன் கத்துவார்:
"பழம் உனக்காக நிக்காதும்மா,
மத்தியானம் மஞ்சள், சாயந்திரம் கறுப்பு."
தலைக்கு வலை, கைக்கு உறை.
பெல்ட்டில் வருவதில் அழுகலைத் தள்ளுவது என் வேலை.

அந்த வருஷம்தான் எனக்கும் வந்தது.
கூடாரக் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள்,
இரவு ஷிப்டு, இரண்டரை மணி.
யாரும் பாடவில்லை. யாரும் தலையில் கை வைக்கவில்லை.
பெல்ட்டின் இரைச்சலுக்குள்
ஒருவர் என் பக்கத்தில் நின்றார்,
அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.
உறைக்குள் விரல் நடுங்கியது.

முப்பத்தொரு நாள்.
குழாயடியில் ஜெபம், பஸ்ஸில் ஜெபம்,
உலை கொதிக்கையில் கண்ணீர்.
யாரையும் திட்டத் தோன்றவில்லை,
தண்ணீர் கலக்கும் பால்காரனைக்கூட.

நான் என்ன செய்தேன்?
பால்கணக்கு நோட்டைத் திருப்பிப் பிடித்து
பின்பக்கத்திலிருந்து சொப்பனங்களை எழுதினேன்.
சபையில் சாட்சி சொன்னேன், இரண்டு வாரம், நீளமாக.
பாஸ்டர் நெகேமியா வாட்சைப் பார்த்தார்.

பத்தொன்பதாம் நாள் ஜெபத்தில் ஒரு பெயர் வந்தது.
மரகதம்.
என் ஓரகத்தி. எங்கள் காட்டில் போர் போட்டபோது
கழுத்திலிருந்து கழற்றித் தந்தது இரண்டு பவுன்.
எழுநூறு அடியில் தண்ணீர் வந்தது.
சங்கிலி அடகிலேயே மூழ்கியது.
ஊர்ப் பேச்சு கூடிய அன்று,
வேப்பமரத்தடியில், எல்லார் முன்னாலும்,
"எனக்கு எப்பக் குடுத்தா?" என்று கேட்டவள் நான்.

அந்த வாரம் போயிருக்கலாம்.
கால் தரையில் பாவாத வாரம் அது.
மன்னிப்புக் கேட்பதுகூட
கனிந்ததில் தோல் கழல்வதுபோல் கழன்றிருக்கும்.
"ஆகட்டும் ஆண்டவரே," என்றேன்,
"இந்த நேரத்தை இப்போது கெடுக்க வேண்டாம்."
அவரிடமே சொன்னேன்.

ஆகஸ்டில் ஆலையைக் கழுவி விட்டார்கள்.
எனக்கு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.
நான்கு வருஷம்,
காலி டின்னை விரலால் வழிப்பதுபோல் ஜெபித்தேன்.
வாசனை இருந்தது. நாக்கில் தகரம்.

பிறகு, கேட்காத நேரத்தில்,
தை பிறக்க நாலு நாள் இருக்கையில்,
மாமரத்தில் பூ மட்டுமே இருக்கிற மாதத்தில்,
ரேஷன் கடை வரிசை நகர்ந்து
பொங்கல் கரும்பு என் கைக்கு வந்தபோது
மறுபடி பக்கத்தில் நின்றார்.

தெரிந்த சுகம்.
முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.
மடக்கவில்லை.
கரும்பைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டு
வீட்டுக்கு நடந்தேன். பீரோவில் சீட்டுப் பணம்.
இன்றைய விலைக்கு ஒரு பவுன்கூட வராது.
போச்சம்பள்ளி பஸ்ஸில் ஏறினேன்.
பாடத் தோன்றியது, பாடவில்லை.
உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திப் போகிறவள்போல்
ஜன்னலோரம் அசையாமல் இருந்தேன்.

வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள் மரகதம்.
பணத்தை வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை.
சாக்கின்மேல் வைக்கச் சொன்னாள்.
"இது பாதிதானே."
"பாதிதான். மீதி அடுத்த சீசனில்."
"மரத்தடியில சொன்னது?"
"அதே மரத்தடியில் திருப்பிச் சொல்கிறேன்."
"எல்லார் முன்னாலும்?"
தொண்டை அடைத்தது. தலையாட்டினேன்.

அதன்பின் அவள் பேசவில்லை.
காலால் ஒரு கட்டையை என் பக்கம் தள்ளினாள்.
உட்கார்ந்தேன். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து,
கொட்டையை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம்.
நகக்கண்ணில் புளி எரிந்தது.
எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

பக்கத்தில் நின்றவர் எப்போது போனார்,
தெரியவில்லை.
கை நிற்கவில்லை.